கறிவேப்பிலைக்குப் போட்ட சாம்பல்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ஆயர் தீமா போய்வந்தேன். தார்ச் சடக்கை விட்டு உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் ஈயம் தோண்டிய பழைய குட்டைகள். அதற்கு அப்புறம் கம்பத்து வீடுகள். ஹக்கா சீனர்கள் மட்டுமே குடியிருந்த ஊர். ஈயம் தீர்ந்தது, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள், பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். இப்போது பாதி வீடுகளில் பப்பாளி மரம்தான் குடியிருக்கிறது.

வாரத்தில் ஆறு நாள் பல் கிளினிக் முகப்பில் உட்கார்ந்து அடுத்தவர் வாயைப் பார்க்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு காலி வீடு வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் கதிரேசனுக்கு இது புரிவதில்லை. "ஊர்ல பொம்பளைங்க சேலைக் கடைக்குப் போவாங்க, நீ பேய் வீட்டுக்குப் போற" என்கிறார். லோரி ஓட்டுகிறவருக்கு லோரியும் சாலையும் போதும்.

காலி வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. நானே கண்டுபிடித்தது. சீனப் பெருநாளுக்கு வாசல் கதவில் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள். தாள் புதிதாக இருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டேன். வெளுத்துக் கிழிந்திருந்தால் பெருநாளுக்குக்கூட ஆள் வரவில்லை என்று அர்த்தம். இன்று ஒரு பச்சைக் கதவு வீட்டில் தாள் நன்றாக வெளுத்திருந்தது. பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து உள்ளே போனேன். வரும்போது பழையபடி கட்டிவிட்டேன். என் முகநூல் பக்கத்தில் போட்டிருப்பதுதான் என் கொள்கை: 'படம் மட்டும்தான் எடுப்பேன், ஒரு குண்டூசியைக்கூட எடுக்கமாட்டேன்.'

தையல் மிஷின், மரக்கட்டைச் செருப்பு, மூன்று வருஷத்துக்கு முந்தைய நாள்காட்டி. நடுவீட்டில் சாமி மாடம். தங்க எழுத்துப் பலகை, சின்னச் சின்ன தேநீர்க் கோப்பைகள், இரண்டு ஆரஞ்சு, ஊதுவத்தி நட்டுவைக்கும் பித்தளைச் சட்டி நிறையச் சாம்பல். அந்தப் படம்தான் இன்றைக்கு முதல் தரம்.

முச்சந்தியில் சீனப் பெரியவர் லியூ அப்பெக்கின் கோப்பிக் கடை இன்னும் திறந்திருக்கிறது. அப்பெக் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார். பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குக் கடை வைத்திருந்தவராம்.

"படம் புடிச்சீங்களா தங்கச்சி?"

"புடிச்சேன் அப்பெக்."

"பை கனமா இருக்கு போல."

"தண்ணி போத்தல்."

கோப்பி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம். கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து பித்தளைச் சாமான்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம், மற்றதெல்லாம். முட்டி வலிக்கிறது. கறிவேப்பிலை மரத்துக்கு உரம் போட்டேன். சாம்பல் போட்டால் கறிவேப்பிலை நன்றாகத் தழைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இவர் சாயங்காலம் வந்து விளக்குகளுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"இது என்னா புதுசா இருக்கு?"

"பழைய சாமான் கடையில கெடச்சிச்சு."

"கைப்பிடியில இருக்கறது சிங்கமா பூனையா?"

"சிங்கம்."

"பூனை மாதிரிதான் முழிக்குது. உன்னைய மாதிரியே."

அங்கேயே விட்டு வைத்திருந்தால் ஈயம் பித்தளை பொறுக்குகிற எவனாவது கொண்டு போய் உருக்கியிருப்பான். இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். வாசலில் விட்ட என் செருப்பை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் அடுத்தவர் பொருளில் கை வைக்கிறார்கள், மனிதர்களுக்கு வெட்கமே இல்லாமல் போய்விட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை. சட்டியில் மணி பிளாண்ட் வைத்து வரவேற்பறையில் வைத்திருக்கிறேன், பொருத்தமாக இருக்கிறது. சாமி மாடத்துப் படத்தை இருநூறு பேருக்குமேல் விரும்பியிருக்கிறார்கள். கறிவேப்பிலை துளிர் விட்டுத் தள்ளுகிறது. இன்று ரசத்தை இவர் மூன்று தரம் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

மதியம் கிளினிக்கில் இருந்தபோது பக்கத்துக்கு ஒரு தகவல் வந்தது. தமிழில், ஆங்கில எழுத்தில். அப்படியே எழுதுகிறேன்.

'வணக்கம். என் பேர் யூன் மோய். நீங்க போட்ட பச்சைக் கதவு வீடு எங்க அம்மா வீடு. சின்ன வயசுல அம்மாகூடக் காய்கறிக் கூடை தூக்கிக்கிட்டுத் தோட்டத்து லயத்து வீடுகள்ல வித்ததால எனக்குத் தமிழ் வரும். அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. படத்துல ஊதுவத்திச் சட்டியைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்திருச்சு. அது இன்னும் அங்க இருக்கா? பித்தளை திருடறவங்க சுத்தறாங்கன்னு கேள்விப்பட்டேன். மார்ச் 23 வந்து எடுத்துக்கிட்டுப் போகணும். நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?'

ஒரு பையனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். அவன் கத்தி முடிக்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு பதில் போட்டேன். 'இருக்கிறது அக்கா. பத்திரமாக இருக்கிறது.'

பொய் இல்லை. பத்திரமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

யூன் மோய் மறுபடி எழுதியிருந்தார். நன்றி, நன்றி என்று. எதற்கு அந்தச் சட்டி என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் ஒரு வருஷம் அவருக்குத் தனி ஊதுவத்தி, தனிச் சாம்பல். வருஷம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து முன்னோர் சட்டியில் சேர்ப்பார்கள். அப்போதுதான் இறந்தவர் குடும்பத்தோடு சேர்ந்தார் என்று கணக்கு. அப்பா, தாத்தா, அவருக்கு முன்னால் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவர், எல்லாரும் அந்தச் சட்டிச் சாம்பலில்தான் இருக்கிறார்கள். வீடு மாறினால் பலகையை விட்டாலும் விடுவார்களாம், சாம்பலை விடமாட்டார்களாம்.

'அம்மா இப்ப எங்க பிளாட்ல ஒரு பால் டின்ல தனியா உக்காந்திருக்காங்க. அப்பாகிட்ட சேத்துட்டா எனக்கு நிம்மதி' என்று எழுதியிருந்தார்.

இரவு சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பில் மிதந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தேன். இவர் அதை எடுத்து மென்று தின்றார். சர்க்கரைக்கு நல்லதாம்.

மார்ச் 15, சனி

மணி பிளாண்டைப் பிடுங்கி வாளியில் வைத்தேன். சட்டியைக் கழுவித் துடைத்தேன். நம் சாமி மாடத்தில் இருந்த ஊதுவத்திச் சாம்பல், சாம்பிராணிக் கரண்டியில் இருந்தது, எல்லாம் சேர்த்தும் கால்வாசிகூட வரவில்லை. வேறு சாம்பலும் கொஞ்சம் சேர்த்தேன். சீனக் கடையில் சிவப்புக் குச்சி ஊதுவத்தி ஒரு கட்டு வாங்கி, எரியவிட்டு, அடிக்குச்சிகளை நட்டுவைத்தேன். பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. கை சுத்தமான வேலை என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இப்போது கூசுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

சட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். மாடத்துத் தட்டில் அதன் வட்டத் தடம் அப்படியே இருந்தது, அதற்குள் சரியாக உட்கார்ந்தது.

ஆரஞ்சு இரண்டும் அழுகிப் பூஞ்சை பிடித்திருந்தன. முதல் நாள் போனபோது அவை வாடவே இல்லை. இலையோடு இருந்தன. அன்றைக்கே பார்த்தேன். மாடத்தைத் தவிர எல்லா இடத்திலும் தூசி இருந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பையைத் திறந்தேன்.

அப்பெக் கடையைக் கண்ணை நேராக வைத்துக்கொண்டு கடந்து வந்தேன்.

மார்ச் 19, புதன்

யூன் மோயிடமிருந்து தகவல். 'ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க தங்கச்சி. நீங்க படம் போடலன்னா நான் பயந்துகிட்டே இருந்திருப்பேன். உங்க கையால ஒரு ஊதுவத்தி வைக்கணும்.'

காய்ச்சல் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். அதனால் வருகிறேன் என்று எழுதினேன். போகிறதற்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்க முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

யூன் மோய்க்கு அறுபது வயதிருக்கும். குட்டை முடி, கறுப்புச் சட்டை, சட்டைக் கையில் துக்கத்துக்குக் குத்திய சின்னத் துணித்துண்டு. காரிலிருந்து இறங்கும்போது மார்போடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தார். உள்ளே பால் டின்.

"இதான் எங்க அம்மா" என்று காட்டினார். நான் கும்பிட்டேன். கை தானாகப் போனது.

வாசலில் வெளுத்த தாளைப் பார்த்து, "யாருமே வரலன்னு நினைச்சிருப்பீங்க. வீட்ல சாவு விழுந்தா அந்த வருஷம் செவப்பு ஒட்டமாட்டோம். பெருநாளுக்கு முந்தின நாள் வந்து கூட்டி, ஆரஞ்சு வச்சிட்டுத்தான் போனேன்" என்றார்.

நானே கண்டுபிடித்த வழி. துக்க வீட்டைத்தான் அது எனக்குக் காட்டியிருக்கிறது.

உள்ளே போனோம். மாடத்துக்கு முன்னால் போய் நின்று சட்டியைப் பார்த்தார். பின்பக்கத்துச் சந்து வழியே வெயில் சரியாகச் சட்டிமேல் விழுந்திருந்தது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்த சட்டி, இரண்டாம் முறை வேறு கழுவினேன், பளபளவென்று இருந்தது. சாம்பலைப் பற்றி யோசித்தவள் பித்தளையைப் பற்றி யோசிக்கவில்லை.

"இது இவ்வளவு மஞ்சளா இருந்ததே இல்ல" என்றார். "கறுப்பா இருக்கும். கழுவ மாட்டோம். கழுவக் கூடாது."

ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்து விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டு போனார்.

"சாம்பிராணி."

தோட்டத்து லயங்களில் வெள்ளிக்கிழமைதோறும் அதைத்தான் மூச்சிழுத்து வளர்ந்திருப்பார். அவருக்குத் தெரியாதா. நான் மாடத்துக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பால் டின்னைப் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. வாசல் படியில் போய் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"தங்கச்சி, நான் சாயங்காலம் வரைக்கும் அப்பெக் கடையில இருப்பேன். யாரு எடுத்தாங்கன்னு எனக்கு வேணாம். சட்டிகூட வேணாம். உள்ள இருந்தது எங்க போச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"எனக்குத் தெரியல அக்கா" என்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். காலையில் குளித்துவிட்டுத் திருநீறு பூசியிருந்தேன்.

"நீங்க சாம்பலை நெத்தியில வைக்கிற ஆளுங்க" என்றார். "அதான் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஈயக்குட்டைத் தண்ணீர் என் பக்கம் பார்ப்பதாகவே இருந்தது. வீட்டில் இவர் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். மீன் குழம்பு வைக்கப் போகிறாராம். மரத்தடியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் போத்தல் என்று அப்பெக்கிடம் சொன்னதுவரை சொன்னேன்.

இவர் கையிலிருந்த கொத்தைப் பார்த்தார். கீழே போடுவதா வைத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்கயா கொட்டுன?"

"ஆமா."

"நாம இதைத்தான் தின்னுக்கிட்டு இருக்கமா?"

"ஆமா."

என்னைத் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துவந்து வேரில் படாமல் சுற்றிச் சுற்றித் தோண்டினார். ஆறு வாரத்து மழை. சாம்பல் என்று தனியாக எதுவும் இல்லை, மண் கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் குச்சிகள் இருந்தன. பழைய ஊதுவத்தியின் சிவப்பு அடிக்குச்சிகள், சாயம் போய், மண்ணோடு ஒட்டிக்கொண்டு. அவற்றைப் பொறுக்கும்போது அழுதேன். இவர் வாளியை நிரப்பிக் கொடுத்தார்.

"நீங்களும் வாங்களேன்" என்றேன்.

"நீ பண்ணுனது. நீதான் போவணும்" என்றார். பிறகு வாளி ஆடாமல் இருக்க மோட்டாரில் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

யூன் மோய் அப்பெக் கடையில் கோப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பால் டின்னுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வாளியை அவர் காலடியில் வைத்தேன்.

"நான்தான் எடுத்தேன் அக்கா. சட்டி அழகா இருந்திச்சு, அதுக்காகத்தான் எடுத்தேன். சாம்பலைக் கறிவேப்பிலைக்குப் போட்டுட்டேன். இது அந்த மண்ணு."

அப்பெக் உள்ளே போய்விட்டார். அவருக்கு முதல் நாளே தெரியும். யூன் மோய் குனிந்து மண்ணுக்குள் கையை விட்டார். ஒரு சிவப்புக் குச்சி விரலில் தட்டியது, அதை எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மரம் எப்படி இருக்கு?"

"நல்லா தழைச்சிருக்கு."

"எலைய சமைச்சீங்களா?"

"தெனமும்."

நான் செத்துப் போகலாம் என்று நினைத்தேன். அவர் எழுந்து வாளியின் கைப்பிடியில் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் பிடிக்கச் சொல்லி என்னைப் பார்த்தார். இரண்டு பேருமாக அந்த வீட்டுக்குத் தூக்கிப் போனோம்.

சட்டியில் நான் நிரப்பியிருந்த சாம்பலை முதலில் வெளியே எடுத்தார். கொட்டவில்லை. பழைய சீனப் பத்திரிகைத் தாளை விரித்து, ஒரு துகள் சிந்தாமல் வழித்து, மடித்து, என் கையில் கொடுத்தார்.

"இது உங்க வீட்டு சாமியோடது. கீழ கொட்டாதீங்க."

வாங்கிக்கொண்டேன்.

பிறகு கறிவேப்பிலை மண்ணைக் கையால் அள்ளிச் சட்டியில் போட்டார். பால் டின்னைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் தூவினார். ஹக்கா மொழியில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"அப்பா இப்ப மண்ணாயிட்டாரு, பொறுத்துக்கம்மான்னு சொன்னேன்."

மூன்று ஊதுவத்தி கொளுத்தி நட்டார். இன்னும் மூன்றைக் கொளுத்தி என்னிடம் நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன்.

"எனக்கு அந்தத் தகுதி இல்ல அக்கா."

"தகுதிய யாரு கேட்டா" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "நீங்க தின்னுட்டீங்க. இனிமே அவங்க கொஞ்சம் உங்க ஒடம்புலயும் இருக்காங்க. கும்பிட்டுத்தான் ஆவணும். அடுத்த வருஷமும் வரணும், நான் கூப்புடாமலே வரணும்."

கும்பிட்டேன். புகை கண்ணில் ஏறியது. அவர் சட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

பக்கத்திலிருந்து அந்தப் படத்தையும் கொள்கையையும் எடுத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

கறிவேப்பிலை பசாரில் வாங்கினேன். வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு வெளியில் வாங்குகிறாளே என்று பக்கத்து வீட்டம்மா பார்த்தார்.

யூன் மோய் கொடுத்த பொட்டலம் சாமி மாடத்தில் இருக்கிறது. மார்ச் பதினைந்தாம் தேதி எழுதியதில் 'வேறு சாம்பலும் கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் இல்லை, முக்கால்வாசி. அது கொசுவர்த்திச் சாம்பல். கட்டிலுக்கடியில் தட்டில் சேர்ந்திருந்ததை வழித்துப் போட்டேன். அதைத்தான் அந்த அம்மாள் ஒரு துகள் சிந்தாமல் மடித்துக் கொடுத்தார்.

இன்று காலை இவர் குளித்துவிட்டு வந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது திருநீறா?" என்று விரலை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றேன்.

"அப்ப என்னா இது?"

சொன்னேன். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். குப்பைக் கூடைக்குத்தான் கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் விளக்கேற்றினேன்.